கொடை வேறு, பொறுப்பு வேறு

2025 ஜூலை 25ஆம் நாள் காலை ராஜஸ்தானின் ஜாலாவாட் மாவட்டத்தில், பிப்லோடி என்ற சிற்றூரில் அரசுப் பள்ளிக் கட்டடம் இடிந்து விழுந்தது. ஏழு குழந்தைகள் உயிரிழந்தனர். அதே நாளில் தில்லியில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் பயின்றுவந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கு அது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற உளவள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று அத்தீர்ப்பு நெறிமுறை வகுத்தது. 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர் என்னும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கும் அதில் சுட்டிக்காட்டப்பட்டிருந்தது.

இரண்டும் ஒரே நாளில் நேர்ந்தது தற்செயல். எனினும், 'பள்ளிப் பாதுகாப்பு' என்று நாம் ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுவதன் இரு முனைகள் அவை. ஒன்று கூரை, மற்றொன்று மனம். கூரைக்கு வேண்டியது பணம். முறையாக ஒருமுறை செலவழித்துப் பராமரித்தால் பல பத்தாண்டுகளுக்கு அது நிற்கும். மனத்துக்கு வேண்டியது ஆள். மாதந்தோறும் ஊதியம் பெற்று, அதே பள்ளியில் இருந்து, குழந்தையின் பெயரையும் வீட்டு நிலையையும் அறிந்த ஆள். இந்த வேறுபாட்டைக் கவனத்தில் கொள்ளாமலேயே அரசுப் பள்ளிகளில் தனியார் பங்களிப்பைப் பற்றி நாம் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்.

புதுச்சேரியின் வடமேற்கில், மயிலம் செல்லும் சாலையில் உள்ள சேதராப்பட்டை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பிப்டிக் நிறுவனத்தின் தொழிற்பேட்டை உள்ள ஊர் அது. அதை அடுத்த கரசூரையும் சேர்த்து, சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென எழுநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் கையகப்படுத்தப்பட்டு, நெடுங்காலம் தொழில் ஏதும் வராமல் கிடந்த கதையைப் புதுச்சேரிக்காரர்கள் நன்கறிவர். சற்றுத் தொலைவு நடந்தால் தமிழகத்தின் வானூர் வட்டம் வந்துவிடும். எல்லைக்கு அப்பால் உள்ள பிள்ளை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்கிறது. இப்பால் உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளை சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் படிக்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளி மாணவர்கள் அவ்வாரியத்தின் பொதுத்தேர்வை முதன்முறையாக எழுதியது 2025இல்தான். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தொடங்கிய படிப்பை நடுவழியில் வேறு பாடத்திட்டத்துக்கு மாற்றிக்கொண்ட அந்தப் பிள்ளைகளுக்குத் தம் பள்ளியே சிறிது அந்நியமாகத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. ஷிஃப்ட் முறையில் தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் தொழிற்பேட்டை ஊர்களில், மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் 'இன்று பள்ளியில் என்ன நடந்தது' என்று கேட்க ஆள் இருப்பதில்லை. அக்கேள்வியைக் கேட்க வேண்டிய பொறுப்பு, யாரும் வெளிப்படையாகச் சொல்லாமலேயே, பள்ளியின் தலையில் வந்து விழுகிறது.

இத்தகைய ஊர்களில்தான் தனியார் பணமும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அப்பிரிவே சொல்கிறது. ஆகவே தொழிற்சாலை ஒன்று பக்கத்து அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டித் தருவது தயவு மட்டுமன்று. சட்டம் காட்டிய வழியும் ஆகும். அதை நான் வரவேற்கிறேன். தனியார் பணம் என்றாலே முகம் சுளிப்போரின் கட்சியில் நான் இல்லை.

நம் மண்ணுக்கு இது புதிதும் அன்று. பாரதிதாசன் பயின்ற, புதுவை மிஷன் வீதியிலுள்ள கலவைக் கல்லூரி பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கலவை சுப்பராய செட்டியாரின் கொடையால் எழுந்தது. இன்று அது அரசு மேல்நிலைப் பள்ளி. கொடுத்தவர் பெயர் நிலைத்தது. நடத்தும் பொறுப்பு அரசிடம் சேர்ந்தது. தமிழகத்தில் காமராசர் ஆட்சியில், நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலமும் மேசையும் நாற்காலியும் சீருடையும் அள்ளிக் கொடுத்தனர். அங்கே கொடுத்தவருக்கும் பள்ளிக்கும் இடையே இருந்த தொலைவு அரை மைல்தான். கொடுத்த மேசை உடைந்திருந்தால் அவர் கண்ணிலேயே படும். தம் பேரப்பிள்ளையும் அதே வகுப்பில் அமர்ந்திருப்பான். அந்தக் கண்காணிப்பை எந்தத் தணிக்கையாளராலும் தர இயலாது.

2024 டிசம்பர் இறுதியில் எழுந்த சர்ச்சை நினைவிருக்கலாம். தமிழகத்தின் 500 அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிகள் 'தத்தெடுக்க' இருப்பதாகச் செய்தி பரவியது. எதிர்ப்பு கிளம்பியது. தத்துக் கொடுக்கவில்லை, தனியார் பள்ளிகள் தம் சமூகப் பங்களிப்பாக உதவ முன்வந்துள்ளன, அவ்வளவே என்று கல்வி அமைச்சர் விளக்கமளித்தார். விவாதம் அந்தச் சொல்லோடு அடங்கிவிட்டது. என்னைக் கேட்டால், தத்து என்ற சொல் அத்தனை பேரைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. நம் வழக்கில் தத்துக் கொடுப்பவர் பொறுப்பிலிருந்து விலகுகிறார். உதவி பெறுபவர் விலகுவதில்லை. இதில் எது நடக்கிறது என்பதை அறியச் சில கேள்விகள் போதும். அப்பள்ளியில் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் யார் பதில் சொல்வார்? புகாரை யார் பதிவு செய்வார்? யார் பதவி இழப்பார்?

பொறுப்பு இருவருக்கு நடுவே விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கும்பகோணம் நமக்குக் காட்டிவிட்டது. 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் கருகிய அந்தக் கட்டடம் தனியாருடையது. அரசு உதவி பெறும் பள்ளி உட்பட மூன்று பள்ளிகள் அதற்குள் இயங்கின. சமையற்கூடத்தில் பற்றிய நெருப்பு, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குப் பரவியது. அரசு மானியம் தந்தது. நிர்வாகம் கட்டடம் தந்தது. கூரையைப் பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. அந்தத் துயரத்தைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையையும் உள்ளடக்கியது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கூரையைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாகிவிட்டது. செய்வதில்தான் தாமதம் என்பதற்கு ஜாலாவாட் சாட்சி.

பள்ளியின் வாயிலைப் பொறுத்தவரை இத்தெளிவு இன்னும் வரவில்லை. 2024 ஆகஸ்ட் மாதத்தில் தமிழகத்தில் நடந்த இரு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், தேசிய மாணவர் படையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒருவர் அப்படையின் பெயரில் முகாம் நடத்தினார். முகாமில் தங்கிய சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளானார். விவரம் தெரிந்த பின்னும் காவல் துறைக்குத் தெரிவிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதாயினர். அதே மாத இறுதியில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில், தன்னம்பிக்கை உரையாற்ற வந்த அமைப்பாளர் ஒருவர், முற்பிறவிப் பாவத்தின் பயனாகவே உடற்குறைபாடு வருகிறது என்ற பொருளில் மாணவியரிடம் பேசினார். அதே அரங்கில் இருந்த பார்வை மாற்றுத்திறனாளி ஆசிரியர் எழுந்து எதிர்த்துக் கேட்ட பிறகே ஊருக்கு அது தெரிந்தது.

குற்றத்தின் தன்மையில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. ஆனால் இருவரும் உள்ளே வந்த வழி ஒன்றுதான். 'பள்ளிக்கு ஏதோ நல்லது செய்ய வருகிறார்' என்ற நம்பிக்கையே அவர்களுக்கு அனுமதிச் சீட்டு. கொடை என்று வந்துவிட்டால் நம் மக்கள் அடையாள அட்டை கேட்கக் கூசுகிறார்கள். இலவசமாக வருபவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று தலைமையாசிரியர் நினைக்கிறார். மேலிடத்துத் தொலைபேசி ஒன்று முன்னதாக வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே, பொருள் கொடுப்பதையும் குழந்தைகளிடம் நேரே வந்து பழகுவதையும் தனித்தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். வண்ணம் அடிக்கப் பணம் கொடுப்பவருக்கு நன்றி சொல்லிவிடலாம். குழந்தைகளோடு ஒரு மணி நேரம் பேச வருபவரிடம், அவர் காசு வாங்காதவராக இருந்தாலும், ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்கும் அத்தனையையும் கேட்டாக வேண்டும்.

தனியார் பள்ளி என்றால் பாதுகாப்பு மிகுதி என்றொரு நினைப்பு நடுத்தர வர்க்கத்துக்கு இருக்கிறது. அதற்காகவே கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவோரை நான் அறிவேன். 2025 பிப்ரவரியில் புதுச்சேரி தவளக்குப்பத்தில் தனியார் பள்ளியில் படித்த ஒன்றாம் வகுப்புச் சிறுமியிடம் பாலியல் அத்துமீறல் நடந்ததாக எழுந்த புகாரில் ஆசிரியர் ஒருவர் கைதானார். பெற்றோரும் ஊராரும் பள்ளியை முற்றுகையிட்டனர். 2017 செப்டம்பரில் குருகிராமில் பெயர்பெற்ற தனியார் பள்ளியின் கழிப்பறையில் ஏழு வயதுச் சிறுவன் கொல்லப்பட்டபோது, முதலில் பேருந்து நடத்துநர் ஒருவர் கைது செய்யப்பட்டார். பின்னர் விசாரித்த சி.பி.ஐ., அதே பள்ளியின் 11ஆம் வகுப்பு மாணவனைப் பிடித்தது. தேர்வையும் பெற்றோர் சந்திப்பையும் தள்ளிவைக்கச் செய்வதற்காக அவன் இதைச் செய்தான் என்பது சி.பி.ஐ.யின் கூற்று. அந்தச் சிறுவனின் தந்தை நடத்திய வழக்கின் பயனாகவே, 2021இல் பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பை வரையறுக்கும் நெறிமுறைகளை ஒன்றியக் கல்வி அமைச்சகம் வெளியிட்டது.

மதில், காவலாளி, கேமரா எல்லாம் வெளியாரைத் தடுக்க எழுந்தவை. பள்ளிக்குள்ளேயே, சீருடை அணிந்து, யாரிடமும் சொல்லாத அச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒருவனை அவை காண்பதில்லை. 2012 பிப்ரவரியில் சென்னை பாரிமுனைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பிலேயே குத்திக் கொன்றான். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன், பென்சில் குறித்த பழைய பூசலுக்காகச் சக மாணவனை அரிவாளால் வெட்டினான்; தடுத்த ஆசிரியையும் காயமுற்றார். பென்சிலுக்காக எவரும் அரிவாள் எடுப்பதில்லை. பென்சில் பிரச்சினைக்கும் அரிவாளுக்கும் இடைப்பட்ட அந்த நாள்களில் அவனிடம் பேசியவர் யார் என்பதே கேள்வி.

நாங்குநேரி நிகழ்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. வள்ளியூரில் அரசு உதவி பெறும் பள்ளியில் 12ஆம் வகுப்புப் படித்த பட்டியலினத்து மாணவன், சக மாணவர்களின் சாதிக் கொடுமையால் சில நாள்கள் பள்ளிக்கு வராமல் இருந்தான். பள்ளி விசாரித்தது, அவன் உண்மையைச் சொன்னான், புகார் ஆனது. அதன் பின், 2023 ஆகஸ்ட் 9 இரவு, அவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். இதில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் உண்டு. வராத பிள்ளையைப் பள்ளி தேடியது. அது சரியான செயல். ஆனால் உண்மையைச் சொன்ன பிள்ளையை அன்றிரவு காப்பதற்கும், குற்றம் சாட்டப்பட்டவர்களையும் அவர்தம் வீட்டாரையும் அழைத்துப் பேசுவதற்கும் பயிற்சி பெற்ற ஆளோ, முறையோ பள்ளியிடம் இல்லை. புகாரைப் பெறுவது ஓர் அலுவல். புகாருக்குப் பின் நடக்க வேண்டியதோ தனித்த தொழில்.

அந்நிகழ்வை ஒட்டி அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றிக் குறி, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி ஒட்டு ஆகியவை பற்றிய பரிந்துரைகள் தொலைக்காட்சிகளில் சூடாக அலசப்பட்டன. 500 மாணவர்களுக்கு மேல் பயிலும் பள்ளிகளில் 'பள்ளி நல அலுவலர்' என்ற பணியிடத்தை உருவாக்க வேண்டும் என்ற பரிந்துரையைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. கயிற்றுக்குச் செலவில்லை, பணியிடத்துக்குச் செலவுண்டு. நம் பொது விவாதங்கள் செலவில்லாத பக்கமே சாய்வது வழக்கம்.

இங்கேதான் என் துறை சொல்லும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2016இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆலிவர் ஹார்ட், பெங்ட் ஹோம்ஸ்ட்ராம் இருவரும் ஒப்பந்தங்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள். ஒருவருக்குப் பல கடமைகள் இருந்து, அவற்றில் சிலவற்றை மட்டும் அளக்க முடியுமானால், அளக்கக்கூடியதற்கு வெகுமதி வைத்தவுடன் அளக்க முடியாதது கைவிடப்படும் என்பது ஹோம்ஸ்ட்ராம் தம் சக ஆய்வாளரோடு நிறுவியது. தரத்தை ஒப்பந்தத்தில் முழுமையாக எழுத இயலாத பணிகளைத் தனியாரிடம் விட்டால், எழுதப்படாத இடத்தில்தான் செலவுக் குறைப்பு நடக்கும் என்பது ஹார்ட் தம் துணை ஆசிரியர்களோடு 1997இல் எழுதிய கட்டுரையின் சாரம். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் சிறைச்சாலை. பள்ளிக்கும் அது நன்றாகவே பொருந்தும். தேர்ச்சி விழுக்காட்டை எழுதலாம், கணினிகளின் எண்ணிக்கையை எழுதலாம். 'மூன்று நாளாக முகம் வாடியிருக்கும் பிள்ளையை அழைத்துப் பேசுக' என்பதை எந்த ஒப்பந்தத்தில், எந்த அலகில் எழுதுவது?

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா 2016இல் 93 அரசுத் தொடக்கப் பள்ளிகளை நடத்தும் பணியை எட்டு அமைப்புகளிடம் ஒப்படைத்தது. ஆய்வாளர்கள் அவற்றை மற்ற அரசுப் பள்ளிகளோடு ஒப்பிட்டனர். முதலாண்டில் மாணவர்களின் கற்றல் மதிப்பெண் உயர்ந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் செலவும் உயர்ந்தது. ஒரு நிறுவனம் கூட்டம் மிகுந்த பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை வெளியேற்றியது. ஒப்பந்தம் அதற்கு இடம் தந்திருந்தது. பங்கேற்ற மற்றோர் அமைப்பின் தொடக்க கால ஊழியர் ஒருவர், அவ்வமைப்பின் சொந்தப் பள்ளியில் மாணவியரைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியிருந்ததை 2018இல் ப்ரோபப்ளிகா செய்தி நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. நன்கொடையாளர்களின் கைதட்டலுக்கு நடுவே வளர்ந்த அமைப்பு அது. மதிப்பெண் உயர்வும் பாதுகாப்பும் ஒரே வண்டியில் வருவதில்லை என்பதை அந்தச் சிறு நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றது.

நம் சமூகப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு வரம்பும் உண்டு. 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, பல்லாண்டுத் திட்டம் ஒன்று தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கலாகாது. ஆறாம் வகுப்பில் சேரும் சேதராப்பட்டுச் சிறுமிக்குக் கம்பெனிப் பணத்தில் ஓர் ஆலோசகர் கிடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவள் அவரை நம்பித் தன் வீட்டுக் கதையைச் சொல்லத் துணிவதற்கே ஓராண்டு ஆகும். ஒன்பதாம் வகுப்பை முடிக்கும்போது திட்டம் முடிந்திருக்கும். சந்தை சரிந்து லாபம் குறைந்தால் அதற்கும் முன்பே. நம்பிக்கை வைத்த பெரியவர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் காணாமற்போவது, ஏற்கெனவே ஒதுங்கி நிற்கும் பிள்ளையை இன்னும் ஒதுக்கிவிடும். லாபத்தோடு ஏறி இறங்கும் பணத்தில் கட்டடம் கட்டலாம். உறவைக் கட்ட இயலாது.

அரசு நிர்வாகத்தின் மீது எனக்கு மயக்கம் ஏதும் கிடையாது. உச்ச நீதிமன்றம் சொன்ன ஆலோசகர் பணியிடத்தை ஒப்பந்த ஊழியராகவோ, நான்கு பள்ளிகளுக்கு ஒருவராகவோ, ஏதேனும் ஓர் ஆசிரியருக்குக் கூடுதல் பொறுப்பாகவோ நிரப்பிக் கோப்பை மூடிவிடும் ஆற்றல் நம் அலுவலகங்களுக்கு நிறையவே உண்டு. இருந்தாலும் அரசுப் பணியிடம் என்றால் காலியாக இருப்பதையாவது கணக்கெடுக்கலாம், சட்டமன்றத்தில் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். தொண்டு நிறுவனத்தின் திட்டம் முடிந்துவிட்டால் காலியிடம் என்ற ஒன்றே இருக்காது.

புதுச்சேரி சிறிய ஒன்றியப் பகுதி. கல்வித் துறை ஒன்றே. பள்ளிகளின் எண்ணிக்கையும் எட்டிப் பிடிக்கும் அளவில்தான். சேதராப்பட்டு போன்ற தொழிற்பேட்டை ஊரில் இதை வேறு விதமாகச் செய்து காட்டலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, நான்கில் மூன்று பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. தொழிற்சாலைகள் தனித்தனியே பெயர்ப் பலகையோடு வராமல், அக்குழு வகுக்கும் மேம்பாட்டுத் திட்டத்துக்குள் பணம் தரட்டும். கூரை, கழிப்பறை, மின்கம்பி, சுற்றுச்சுவர், குடிநீர் ஆகிய ஐந்தையும் அவர்களிடம் தயங்காமல் கேட்கலாம். அங்கே மிச்சமாகும் அரசுப் பணத்தில் முழுநேர ஆலோசகர் ஒருவரை அரசே நியமித்து, அப்பகுதிப் பள்ளிகளில் குறைந்தது ஐந்தாண்டு இடமாற்றம் இன்றி வைத்திருக்கட்டும். வெளியிலிருந்து பேச வருவோர், பயிற்றுவிக்க வருவோர், படம் எடுக்க வருவோர் என யாராயினும் அவர்களின் பெயரும் தகுதியும், அனுமதித்தவர் பெயரும் எழுதிய பதிவேடு ஒன்று பெற்றோர் பார்வைக்குத் திறந்திருக்கட்டும். அவர்கள் மாணவர்களோடு இருக்கும் நேரம் முழுவதும் ஆசிரியர் ஒருவர் அறையில் இருக்கட்டும். போக்ஸோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி குற்றத்தைத் தெரிவிக்க வேண்டிய கடமை தமக்கும் உண்டு என்று, பணம் தரும் நிறுவனத்தின் அலுவலர் கையெழுத்திட்ட பின்பே திட்டம் தொடங்கட்டும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. ஆலோசகர் பணியிடத்துக்கு மட்டும் நிதித் துறையின் ஒப்புதல் வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கையில் கல்விக்கான ஒதுக்கீட்டைப் பார்க்கும்போது, திறன் வகுப்பறைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பெற்றோர்கள் தேடிப் பார்க்க வேண்டும்.